ஸ்கீமா போட்டும் கூகுளில் ஒன்றும் மாறவில்லையா? மலையகத்துச் சிறு தளங்களுக்கான பிழைநீக்கம்

எல்லவில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துபவர், தலவாக்கலையிலிருந்து தேயிலைப் பொதி அனுப்புபவர், ஹட்டனில் டியூஷன் வகுப்பு வைத்திருப்பவர் என்று நம் பக்கத்தில் பலர் இப்போது சொந்த இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். செய்து கொடுத்தவர் சொந்தக்காரத் தம்பியாக இருக்கலாம், கண்டியில் உள்ள ஒரு சின்ன நிறுவனமாகவும் இருக்கலாம். "ஸ்கீமா போட்டிருக்கிறோம், கூகுளில் நன்றாக வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மாதம் போகிறது, ஒன்றும் வரவில்லை. என்ன பிழை என்று தேடினால் கிடைப்பதெல்லாம் வேறு நாட்டுக் கடைகளுக்கு எழுதிய அறிவுரை: தெருப் பெயர், கட்டட எண், டொலர் விலை. தோட்டத்துப் பாதையில், லயனுக்கு மேலே, எண்ணே இல்லாத ஒரு வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? அதனால் நம் தளங்களில் அடிக்கடி பார்க்கிற கோளாறுகளை வைத்தே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேரே போய்விடலாம், ஆனால் முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் ஒருமுறை பாருங்கள்.

ஸ்கீமா என்றால் என்ன என்று சுருக்கமாக: 2011இல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஓர்க் என்ற பொதுச் சொல்தொகுதியை வெளியிட்டன, அதே ஆண்டில் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் உள்ள விடயம் தங்குமிடமா, விற்பனைப் பொருளா, நிகழ்ச்சியா, விலை எது, முகவரி எது என்று இயந்திரத்துக்குத் தெளிவாகச் சொல்ல அந்தச் சொற்கள் பயன்படுகின்றன. இப்படிப் பக்கத்தின் கோட்டில் எழுதி வைப்பதை மார்க்அப் என்பார்கள். அதை எழுதும் வடிவங்கள் மூன்று இருந்தாலும் ஜேசன்-எல்டி என்ற வடிவத்தைத்தான் கூகுள் பரிந்துரைக்கிறது, நானும் அதை வைத்தே பேசுகிறேன். தேயிலைப் பெட்டியின் மேல் தரமும் நிறையும் எழுதுகிறோமே, அதே வேலைதான். எழுதியதால் உள்ளே இருக்கும் தூள் மாறாது. ஸ்கீமா போட்டதற்காகத் தரவரிசையில் உங்களை மேலே தூக்குவதாகக் கூகுள் எங்கும் சொல்லவில்லை. விலை, நட்சத்திரம், படம், நிகழ்ச்சித் திகதி போன்றவற்றோடு தேடல் முடிவில் தோன்றும் தகுதி கிடைக்கும் (இதையே கீழே சிறப்புத் தோற்றம் என்கிறேன்), இது எந்த ஊர் எந்தக் கடை என்று தேடுபொறிக்குக் குழப்பமில்லாமல் புரியும். முன்பதிவுத் தளங்களுக்குத் தரகு கொடுத்தே பழகிவிட்ட நம் சிறு தங்குமிடங்களுக்கு, தங்கள் பெயரைத் தேடி வருபவராவது நேரே தங்கள் பக்கத்துக்கு வரவேண்டும் என்பதே என் அக்கறை.

கருவிகள் மூன்று போதும், மூன்றும் இலவசம். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட், ஸ்கீமா.ஓர்க்கின் ஸ்கீமா மார்க்அப் வெலிடேட்டர், உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் சேர்ச் கன்சோல். முதலாவது, கூகுள் சிறப்புத் தோற்றம் தரும் வகைகளை மட்டும் காட்டும். இரண்டாவது, ஸ்கீமா.ஓர்க்கில் உள்ள எல்லா வகைகளையும் படிக்கும். பழைய காணொளிகளில் வரும் ஸ்ட்ரக்சர்ட் டேட்டா டெஸ்டிங் டூலைத் தேடி அலைய வேண்டாம், அதன் இடத்துக்குத்தான் இந்த இரண்டும் வந்திருக்கின்றன. இன்னொன்று, புலப்பெயர்களை (விலை, முகவரி என்று ஒவ்வொரு தகவலுக்கும் கோட்டில் உள்ள பெயர்களை) நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதினாலும் கோட்டில் அவற்றை ஆங்கிலத்திலேயே, பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல் எழுத வேண்டும். மதிப்புகள் தமிழில் இருக்கலாம், புலப்பெயர்கள் இருக்கக்கூடாது.

அறிகுறி: பக்கமே கூகுளில் இல்லை

கோட்டைத் தொட முன்பு இதைப் பாருங்கள். சேர்ச் கன்சோலின் மேற்பட்டையில் உங்கள் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டினால் அந்தப் பக்கம் கூகுளின் அட்டவணையில் (தேடலுக்காக அது சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியலில்) இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். இல்லை என்று வந்தால் ஸ்கீமாவில் எவ்வளவு மினக்கெட்டாலும் பயனில்லை, அட்டவணையில் ஏறாத பக்கத்துக்குச் சிறப்புத் தோற்றம் வர வழியே கிடையாது.

வேர்ட்பிரஸ் தளமென்றால் அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு பெட்டி அங்கே இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது அதில் சரிக்குறி போட்டுவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறப்பது மிகச் சாதாரணம். அது சரியாக இருந்தால் தேடுபொறிகள் எந்தப் பக்கத்துக்கு வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் பாருங்கள், பக்கத்தை அங்கே தடுத்திருந்தாலும் கூகுள் உள்ளே வந்து மார்க்அப்பைப் படிக்காது. இரண்டும் சரி, ஆனாலும் "கண்டுபிடிக்கப்பட்டது, அட்டவணையில் இல்லை" என்று நிற்கிறதா? அப்படியானால் முகப்புப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்து, பக்கத்தில் உண்மையாகவே வாசிக்க ஏதாவது எழுதுங்கள். நாலு படமும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும் உள்ள பக்கங்கள் இங்கேதான் தேங்கி நிற்கின்றன.

அறிகுறி: டெஸ்டில் "எந்த உருப்படியும் இல்லை" என்று வருகிறது

இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. மார்க்அப் பக்கத்துக்கு வந்து சேரவே இல்லை, அல்லது வந்திருக்கிறது, ஆனால் அது கூகுள் சிறப்புத் தோற்றம் தராத வகை. எது என்று அறிய அதே முகவரியை மார்க்அப் வெலிடேட்டரில் போடுங்கள். அங்கே தெரிந்து கூகுளின் டெஸ்டில் தெரியாவிட்டால் இரண்டாவது காரணம், கோட்டில் பிழை இல்லை, விட்டுவிடலாம். இரண்டிலும் தெரியவில்லையென்றால் பக்கத்தின் மூலக்கோட்டைத் திறந்து, ஸ்கிரிப்ட் குறிக்குள் "எல்டி பிளஸ் ஜேசன்" (ld+json) என்ற வகைப்பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வகைப்பெயர் இல்லாவிட்டால் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அது மார்க்அப்பாகக் கணக்கில் வராது. வேர்ட்பிரஸ் எடிட்டரில் சாதாரணப் பந்திக்குள் ஒட்டினால் கோட் வெறும் எழுத்தாகிப் பக்கத்திலேயே அச்சாகிவிடும். தனி எச்டிஎம்எல் கட்டத்தில் போடுங்கள், அல்லது ஸ்கீமா பிளகின் வழியாகப் போடுங்கள். மாற்றிய பிறகும் பழையதே தெரிந்தால், பக்கத்தின் பழைய பிரதியைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகினை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அறிகுறி: "பாகுபடுத்த முடியவில்லை", கமா இல்லை, அடைப்பு இல்லை என்ற பிழைகள்

நம் பக்கத்தில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான், ஏனென்றால் கோட் பல கை மாறி வருகிறது. ஒருவர் வேர்டில் எழுதி வைத்திருப்பார், இன்னொருவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், மூன்றாமவர் போனிலேயே திருத்தி ஒட்டுவார். வேர்டும் ஐபோன் விசைப்பலகையும் நேரான மேற்கோள் குறியை அழகான வளைந்த குறியாகத் தாமாகவே மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஜேசனுக்கு நேரான குறி மட்டுமே தெரியும். நேரான குறி வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு வளைந்த குறி இருந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் படிக்கப்படாமல் போகும், ஒரு வரி மட்டும் கெடும் என்று நினைக்காதீர்கள். ஐபோனில் விசைப்பலகை அமைப்பில் ஸ்மார்ட் பங்க்சுவேஷனை அணைத்துவிடுங்கள். கணினியில் நோட்பேட் போன்ற வெறும் எழுத்துச் செயலியில் மட்டும் திருத்துங்கள்.

குறிகள் சரியென்றால் அடுத்து கமா. கடைசி வரிக்குப் பிறகு, மூடும் அடைப்புக்கு முன்னால் கமா வரக்கூடாது. ஒரு புலத்தை அழித்துவிட்டு அதற்கு முந்திய வரியின் கமாவை அப்படியே விடுவதால் பெரும்பாலும் இது வருகிறது. அப்புறம், விவரணைக்குள் மேற்கோள் குறி வந்தால் அதற்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும், விவரணையின் நடுவே என்டர் தட்டி வரி பிரிக்கவும் கூடாது. தேயிலைப் பொதியின் விவரணையை அச்சுத்தாளிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டும்போது இந்த இரண்டும் சேர்ந்தே வரும். எந்த வரியில் முறிகிறது என்று டெஸ்ட் காட்டும். ஆனால் அது காட்டும் வரிக்கு முந்திய வரியையும் பாருங்கள், காணாமல் போன கமா அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அறிகுறி: தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாகவோ ஆங்கிலக் குப்பையாகவோ வருகிறது

இதைப் பற்றி வேறு மொழி வழிகாட்டிகள் எதுவும் உங்களுக்குச் சொல்லாது. இலங்கையில் அச்சகங்களும் பாடசாலைகளும் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கின்றன. பாமினியில் அடித்த எழுத்து உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. உங்கள் துண்டுப்பிரசுரத்தை அடித்த கோப்பிலிருந்து கடைப் பெயரைப் பிரதியெடுத்து மார்க்அப்பில் ஒட்டினால் கூகுளுக்குப் போவது அர்த்தமில்லாத ஆங்கிலக் கோர்வை. பக்கத்தில் பாமினி எழுத்துருவை ஏற்றி வைத்திருந்தால் மனிதக் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும், அதனால் வருடக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்காமலே இருக்க முடியும். பார்க்க எளிய வழி ஒன்று: அந்த எழுத்தைப் பிரதியெடுத்து கூகுள் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அங்கே தமிழாக விழுந்தால் யூனிகோட் (எல்லா இயந்திரமும் தமிழாகவே படிக்கும் எழுத்துமுறை), ஆங்கிலமாக விழுந்தால் பாமினி. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பும் காலும் சரியான எழுத்தோடு ஒட்டியிருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு கதை. எழுத்தை யூனிகோடில் அடித்திருப்பீர்கள், ஆனால் தரவுத்தளமோ கோப்போ யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்காது. தரவுத்தளத்தின் குறியாக்கத்தை மாற்றச் சொல்லி தளம் செய்தவரிடமோ ஹோஸ்டிங் தருபவரிடமோ கேளுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஏற்கனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்ட எழுத்து குறியாக்கத்தை மாற்றினாலும் திரும்பி வராது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது பிழையே இல்லை. மூலக்கோட்டில் தமிழ் எழுத்துக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் நான்கு இலக்கக் குறியீடுகளுமாக வரிசையாக வருவதைப் பார்த்துப் பயப்படுவார்கள். வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி என்ற நிரல்மொழி வழக்கமாக அப்படித்தான் எழுதும், கூகுள் அதைச் சரியான தமிழாகவே படிக்கும். விட்டுவிடுங்கள்.

அறிகுறி: தேடலில் கடைப் பெயருக்குப் பதிலாகத் தளத்தின் முகவரியே நிற்கிறது

முடிவுக்கு மேலே வரும் தளப்பெயரைக் கூகுள் எடுக்கும் இடங்களில் முக்கியமானது முகப்புப் பக்கத்தில் உள்ள வெப்சைட் வகை மார்க்அப். அது முகப்பில் மட்டும் இருக்க வேண்டும், உள்பக்கங்களில் போட்டுப் பயனில்லை. டொமைனுக்கும் துணை டொமைனுக்கும்தான் இந்தப் பெயர் உண்டு. வேறொருவரின் தளத்துக்குள் ஒரு கோப்புறையாக உங்கள் பக்கம் இருந்தால் அந்தத் தளத்தின் பெயரே வரும், அதற்கு மாற்று வழி கிடையாது.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஹட்டன் என்றும் அட்டன் என்றும் எழுதுகிறோம், ஹப்புத்தளையை அப்புத்தளை என்கிறோம், தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் நம் சனங்கள் வாயில் வேறொரு பெயரும் இருக்கும். கடைப் பெயரில் இப்படி வேறுபாடு இருந்தால் ஆல்டர்நேட் நேம் என்ற புலத்தில் மற்ற வடிவங்களையும் கொடுங்கள், அடைப்புக்குள் பட்டியலாகவே கொடுக்கலாம். ஆனால் உண்மையில் ஆட்கள் சொல்லும் பெயர்களை மட்டும் எழுதுங்கள். "எல்லவில் மலிவான சிறந்த தங்குமிடம்" என்பது யாருடைய பெயரும் அல்ல.

அறிகுறி: விலை வரவில்லை, அல்லது தப்பான விலை வருகிறது

நாம் விலையை எழுதும் முறையே இதற்குக் காரணம். "ரூ. 4,500/=" என்று பலகையிலும் பில்லிலும் எழுதிப் பழகிவிட்டோம், அதையே பிரைஸ் புலத்திலும் எழுதுகிறார்கள். அங்கே வெறும் எண் மட்டும் வரவேண்டும்: 4500 அல்லது 4500.00. ரூபாய்க் குறி வேண்டாம், கமா வேண்டாம், சாய்கோடும் சமக்குறியும் வேண்டவே வேண்டாம். நாணயத்தைப் பிரைஸ் கரன்சி என்ற தனிப் புலத்தில் எல்கேஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். ரூபா என்று மட்டும் எழுதினால் இந்திய ரூபாயா நம் ரூபாயா என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பக்க விலையும் மார்க்அப் விலையும் பொருந்தவில்லை என்று வந்தால், வெளிநாட்டவருக்கு டொலரில் காட்டும் கருவி ஏதாவது தளத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் நிரல் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்து வருகிறது. நீங்கள் பதுளையிலிருந்து திறந்தால் 4500 ரூபா தெரியும், அதற்கு டொலர் தெரியும், மார்க்அப்போ எல்கேஆர் என்று சொல்லிக்கொண்டிருக்கும். வருபவரின் நாட்டைப் பார்த்துத் தானாக மாற்றுவதை நிறுத்தி, ரூபாவை அடிப்படை விலையாக எல்லோருக்கும் காட்டி, டொலர் வேண்டுபவர் தானே அழுத்தி மாற்றும்படி வைப்பது நல்லது.

100 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று பொதிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விலையைக் கொடுங்கள். "இந்த விலை இன்ன திகதி வரை" என்ற புலம் இருந்தால் அந்தத் திகதி கடந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கடந்துவிட்டால் விலையோடு கூடிய தோற்றமே நின்றுபோகலாம். பொருளை அனுப்பும் செலவு, திருப்பி அனுப்பும் விதி இல்லை என்று மஞ்சள் நிறத்தில் வருபவை எச்சரிக்கைகள் மட்டுமே. தகவல் கையில் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம்.

அறிகுறி: முகவரி ஏற்கப்படவில்லை, இடம் வேறெங்கோ காட்டுகிறது

தோட்டங்களில் லயன் வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து பிரிந்து போகும் நிலைதான் பல இடங்களில் இருக்கிறது. இது ஒரு பெரிய அநியாயம், இணையத்தளம் போடும்போதும் அது காலைப் பிடித்து இழுக்கிறது. தெரு முகவரி புலத்தைக் காலியாக விடுகிறார்கள், இல்லாவிட்டால் பக்கத்து டவுனில் யாரோ ஒருவரின் கடை எண்ணைப் போடுகிறார்கள். இரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டுப் பெயர், டிவிஷன் பெயர், தோட்டத்தின் பெயர், இவற்றையே தெரு முகவரியாக எழுதலாம், அந்தப் புலத்துக்கு எண் கட்டாயமில்லை. ஊர் என்ற புலத்தில் தபால் போகும் டவுன், தபால் குறியீடு தனியாக (நுவரெலியாவுக்கு 22200, பதுளைக்கு 90000), நாடு என்ற புலத்தில் எல்கே என்ற இரண்டெழுத்துக் குறியீடு. இதே முகவரி பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியும்படி, இதே வடிவில் இருக்க வேண்டும். தொலைபேசியை +94 என்று தொடங்கி, முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு எழுதுங்கள். நுவரெலியாவின் 052 அங்கே +94 52 ஆகும்.

எண் இல்லாத வீட்டுக்கு அட்சரேகை தீர்க்கரேகைதான் உண்மையான முகவரி, அதனால் அதில் கவனம் வையுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் கூரையின் மேல் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். புள்ளிக்குப் பிறகு குறைந்தது ஐந்து இலக்கம் இருக்கட்டும். இரண்டு இலக்கத்தோடு விட்டால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போகலாம், மலையில் ஒரு கிலோமீட்டர் என்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். நுவரெலியா ஏறத்தாழ அட்சரேகை 6.95, தீர்க்கரேகை 80.79. முதலில் வருவது 6 அல்லது 7, பிறகு வருவது 80 அல்லது 81, மலையகம் முழுவதுக்கும் இது பொருந்தும். மாற்றிப் போட்டால் உங்கள் ஹோம்ஸ்டே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். மேப்ஸில் தெரியும் குத்தூசி உங்கள் மார்க்அப்பிலிருந்து வருவதில்லை, கூகுள் வணிக விவரப்பக்கத்திலிருந்து வருகிறது. குத்தூசி தப்பான இடத்தில் இருந்தால் அங்கே போய்த் திருத்துங்கள், தளத்தை நோண்டிப் பயனில்லை. பெயர், முகவரி, தொலைபேசி மூன்றும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் போதும்.

அறிகுறி: ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று முறை வணிகம் காட்டுகிறது

தீம் ஒன்று போடுகிறது, யோஸ்ட் அல்லது ரேங்க் மேத் போன்ற பிளகின் ஒன்று போடுகிறது, அதற்கு மேல் நீங்கள் கையால் ஒன்று ஒட்டியிருக்கிறீர்கள். ஒன்றில் பழைய தொலைபேசி எண், இன்னொன்றில் புதியது. எதை நம்புவது என்று தேடுபொறிக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை அணைத்துவிடுங்கள். என் அபிப்பிராயம், கையால் எழுதத் தெரியாதவர் பிளகினை வைத்துக்கொள்வது நல்லது, பிறகு திருத்தும்போது எங்கே திருத்துவது என்றாவது தெரியும்.

அறிகுறி: நட்சத்திரம் வரவே இல்லை

ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் அதிகம் ஆசைப்படுவதும் ஏமாறுவதும் இதில்தான். 2019 செப்டம்பரில் கூகுள் விதியை மாற்றியது: ஒரு வணிகம் தன்னைப் பற்றிய விமர்சனங்களைத் தன் சொந்தத் தளத்திலேயே போட்டு, லோக்கல் பிசினஸ் அல்லது ஓர்கனைசேஷன் வகையில் மதிப்பெண் கொடுத்தால் நட்சத்திரம் காட்டாது. ஹோட்டலும் தங்குமிடமும் லோக்கல் பிசினஸின் உள்வகைகள்தான், அதனால் அவற்றுக்கும் இதே விதி. கோட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வராது. "நட்சத்திரம் வர வைக்கிறேன்" என்று யாராவது காசு கேட்டால் இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

விற்பனைப் பொருளுக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் விற்கும் தேயிலைப் பொதிக்கு வாங்கியவர்கள் உண்மையாக எழுதிய விமர்சனங்கள் அந்தப் பக்கத்திலேயே வாசிக்கக் கிடைத்தால் புரொடக்ட் வகையில் மதிப்பெண் கொடுக்கலாம். சமையல் குறிப்புக்கும் அப்படியே. ஆனால் ஹோம்ஸ்டேயைப் புரொடக்ட் என்று வேஷம் போட்டு நட்சத்திரம் வாங்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கூகுளில் ஒரு மனிதர் அதைப் பார்த்துக் கண்டித்தால் சேர்ச் கன்சோலில் மனுவல் ஆக்ஷன் என்று வரும். அதனால் பக்கம் தேடலிலிருந்து தூக்கப்படுவதில்லை, ஆனால் சிறப்புத் தோற்றத்துக்கான தகுதி போய்விடும். ஏற்கனவே அப்படி வந்திருந்தால் பொய் மார்க்அப் முழுவதையும் எடுத்துவிட்டு, எதை எடுத்தீர்கள் என்று நேர்மையாக எழுதி மறுபரிசீலனை கேளுங்கள்.

அறிகுறி: முன்பு வந்தது, இப்போது வருவதில்லை

முதலில் உங்கள் தளத்தைச் சந்தேகப்படாதீர்கள். கேள்வி-பதில் மடிப்புகள் தேடலில் நீளமாக விரிந்து வந்த காலம் ஒன்று இருந்தது. 2023 ஆகஸ்டில் அதை நன்கு அறியப்பட்ட அரச, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கியது. "எப்படிச் செய்வது" என்ற படிமுறைத் தோற்றத்தை அடுத்த மாதமே முழுவதும் நிறுத்தியது. தளத்துக்குள் தேடும் பெட்டி 2024 நவம்பரில் போனது. 2025 ஜூனில் இன்னும் ஏழு வகைகளை நிறுத்துவதாக அறிவித்தது, பாடநெறி விவரம் அவற்றில் ஒன்று, டியூஷன் வகுப்புத் தளங்கள் கவனிக்க வேண்டியது அது. இந்தப் பழைய மார்க்அப் கிடப்பதால் கேடு ஒன்றும் இல்லை, அவசரப்பட்டு அழிக்கத் தேவையில்லை. ஆனால் பழைய காணொளியைப் பார்த்து இப்போது புதிதாக எழுதுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி: சீசன் முடிந்தும் திறந்திருப்பதாகச் சொல்கிறது, முடிந்த விழா இன்னும் நிற்கிறது

சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. நல்லதண்ணிப் பக்கத்தில் அந்த மாதங்களில் மட்டும் திறக்கும் இடங்கள் பல. திறக்கும் நேரப் புலத்தில் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் தனித்தனியாகக் கொடுக்க வசதி இருக்கிறது. மூடியிருக்கும் காலத்துக்குத் திறப்பதும் மூடுவதும் இரண்டுமே 00:00 என்று கொடுத்தால் அந்நாட்களில் மூடியிருக்கிறது என்று பொருள். இரவு முழுக்கத் திறந்திருந்தால் 00:00 முதல் 23:59 வரை. மலையேறுபவர்கள் நள்ளிரவில்தான் போனில் தேடுகிறார்கள், இது தப்பாக இருந்தால் குளிரில் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

தேர்த்திருவிழாவோ ஏப்ரல் வசந்தகால நிகழ்ச்சியோ போட்டால் திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 05/04/2026 என்று நம் வழக்கில் எழுதினால் அது ஏப்ரலா மே மாதமா என்று இயந்திரம் தடுமாறும். நேரம் கொடுத்தால் கடைசியில் +05:30 சேருங்கள். நேரம் முடிவாகவில்லையென்றால் திகதியை மட்டும் கொடுங்கள், 00:00 என்று நிரப்பினால் நள்ளிரவில் தொடங்குவதாக ஆகிவிடும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிப் பக்கம் வேண்டும். வேலை விளம்பரம் போட்டவர்கள் ஆள் எடுத்தவுடன் அதை இறக்கிவிடுங்கள். வேலை தேடி பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு முடிந்துபோன விளம்பரம் செய்யும் கேடு, கூகுள் தரும் தண்டனையைவிடப் பெரியது.

அறிகுறி: எல்லாம் பச்சை, ஒன்றும் மாறவில்லை

டெஸ்டில் பச்சை வந்தால் தகுதி இருக்கிறது என்று மட்டும் பொருள். காட்டுவதா வேண்டாமா என்பதைத் தேடும் சொல், தேடுபவரின் இடம், கருவி எல்லாவற்றையும் பார்த்துக் கூகுள் தீர்மானிக்கிறது, உத்தரவாதம் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பிழையைத் திருத்தியிருந்தால் சேர்ச் கன்சோலில் "திருத்தத்தைச் சரிபார்" பொத்தானை அழுத்திவிட்டுப் பொறுங்கள், இரண்டு வாரம் வரை, சிலவேளை அதற்கு மேலும் எடுக்கும். நாளுக்கு நாலு முறை கோட்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

அந்த இரண்டு வாரத்தில் பக்கத்தை எழுதுங்கள். நானுஓயாவில் ரயிலால் இறங்கினால் எந்த பஸ், கடைசி ஏற்றத்தில் முச்சக்கரவண்டி ஏறுமா, மழைக்காலத்தில் பாதை எப்படி, சுடுதண்ணீர் இருக்கிறதா, மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா, தமிழ் பேசுவீர்களா. வருபவர்கள் போனில் உங்களிடம் கேட்கும் கேள்விகள்தானே இவை, அவற்றின் பதில் பக்கத்தில் இல்லாவிட்டால் மார்க்அப் எதைச் சொல்லும்?

பிறகு பலனை அளக்கும்போது சென்ற மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். ஏப்ரலில் நுவரெலியா நிரம்பி வழியும், ஜூன் மழையில் வெறிச்சோடும், அந்த ஏற்ற இறக்கத்தை ஸ்கீமாவின் தலையில் கட்டக்கூடாது. சேர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். செயற்றிறன் பகுதியில் கடந்த மூன்று மாதத்தைப் போன வருடத்தின் இதே மூன்று மாதத்தோடு ஒப்பிடத் தேர்ந்து, நீங்கள் திருத்திய பக்கத்தை மட்டும் வடிகட்டி, சொடுக்குகளையும் எந்தச் சொல்லுக்குத் தோன்றியது என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயரையும் தோட்டத்துப் பெயரையும் தட்டித் தேடியவர்கள் கூடியிருக்கிறார்களா என்று முதலில் அந்த வரிகளில் தேடுங்கள்.